காய்கறிக் கணக்கில் எழுதிய மாத்திரைகள்

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டின்படி 2021ஆம் ஆண்டு நாங்கள் வாங்கிய காய்கறியை வைத்து ஒரு கல்யாணப் பந்திக்கே சாம்பார் வைத்திருக்கலாம். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். கத்தரிக்காய் 65, பூசணிக்காய் 65, மறுநாளே மறுபடியும் கத்தரிக்காய் 65. எல்லாம் என் கையெழுத்து. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அடுத்தவர் கணக்கில் ஐம்பது சென்ட் இடித்தால்கூட விளக்கை அணைக்காமல் தேடுகிறவள் நான். அப்படிப்பட்டவள் என் சொந்த நோட்டில் மூன்றரை ஆண்டுகள் பொய்க்கணக்கு எழுதினேன். அந்த 65 ராண்ட், இருபது தலைவலி மாத்திரைகள் கொண்ட ஒரு பெட்டியின் விலை.

தென்காசியிலிருந்து 2013இல் கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்தேன். தலைவலி எனக்குச் சிறு வயது முதலே உண்டு. சுக்கை உரசிப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். 2018 கடைசியில், சரக்குக் கணக்கெடுக்கும் நாளில், கடையில் உடன் வேலை செய்த அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். "இது போட்டால் பறந்துவிடும்" என்றார். முக்கால் மணி நேரத்தில் தலைவலி போனது. அத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. தலைவலியோடு வேறொன்றும் போனது. மதினியின் குத்தல், ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழுதது, வீட்டுக்கடன் தவணை, எல்லாவற்றின் சத்தத்தையும் யாரோ பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டது போல இருந்தது. தலைவலி மாத்திரைக்கு மனத்தில் என்ன வேலை என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று மாலையே ஒரு பெட்டி வாங்கினேன்.

பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இப்போதே எழுந்துபோய் வீட்டில் இருக்கும் மாத்திரைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். என் பெட்டியில் பொடி எழுத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. பாராசிட்டமால் 450 மில்லிகிராம், கோடீன் 10 மில்லிகிராம், கொஞ்சம் கஃபீன், தூக்கம் வரவைக்கும் டாக்சிலமின் என்ற ஒவ்வாமை மருந்து. முதல் பெயர் நமக்குத் தெரியும். கடைசி இரண்டும் துணைக்கு வந்தவை. ஆளை விழுங்குவது இரண்டாவது. கோடீன் அபினிலிருந்து வந்தது. குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். 1832இல் ரொபிகே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதிலிருந்து கோடீனைப் பிரித்தெடுத்தார். நாம் விழுங்கும் கோடீனில் ஒரு சிறு பங்கை நம் ஈரலே மார்ஃபின் என்ற பலமான வலிமருந்தாக மாற்றிவிடுகிறது. வலி குறைவதும் மனம் லேசாவதும் பெரும்பாலும் அந்த மார்ஃபின் செய்யும் வேலை. இந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும். என் கணவர் பல்வலிக்கு அதே மாத்திரையைப் போட்டுவிட்டு, "சுண்ணாம்பைத் தின்றது போல இருக்கிறது" என்றார். சிலருடைய ஈரல் அதை மாற்றுவதே இல்லை. வேறு சிலருடைய ஈரல் மளமளவென்று மாற்றிவிடும். அப்படிப்பட்ட ஒரு தாய் இதைச் சாப்பிட்டுப் பால் கொடுத்தால் குழந்தையின் மூச்சே அடங்கக்கூடும். ஆகவே "நான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாருக்கும் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த அக்காவை நான் குறை சொல்லவில்லை. பிறகு நானும் பலருக்குக் கொடுத்திருக்கிறேன்.

2019இல் வாரத்துக்கு ஒரு பெட்டி. 2020 மார்ச் 27 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மது விற்கக்கூடாது, சிகரெட் விற்கக்கூடாது என்று அரசு தடை போட்டது. குடிகாரர்கள் அன்னாசிப் பழத்தையும் ஈஸ்ட்டையும் வைத்து வீட்டிலேயே ஊறல் போட்டார்கள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். என் கடை திறந்தே இருந்தது, கெமிஸ்ட் என்கிற மருந்துக்கடையை யாரும் மூடவில்லை. அந்த ஏப்ரலில் தென்காசியில் அம்மா காலமானார். விமானம் இல்லை. கைபேசித் திரையில் மூங்கில் பாடையைப் பார்த்தேன். அன்றைக்கு ஆறு மாத்திரைகள். அதற்குப் பிறகு ஆறு என்பது சாதாரண நாளின் அளவாகிவிட்டது. 2021 தொடக்கத்தில் பத்து, ஜூனில் பதினான்கு.

இதில் கொடுமை என்னவென்றால் தலைவலி குறையவில்லை, கூடியது. விடியற்காலை நான்கு மணிக்கே பின்கழுத்திலிருந்து ஏறும். இரண்டு மாத்திரைகள் போட்டால் பத்து மணி வரைக்கும் தாங்கும். மூளையில் கட்டி என்றே முடிவு கட்டிக்கொண்டேன். ஸ்கேனுக்கு 9,800 ராண்ட் கட்டினேன், ஒன்றுமில்லை. கண்ணாடியை மாற்ற 3,200, அதிலும் பயனில்லை. மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் எந்த மருத்துவரிடமும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "எப்போதாவது ஒன்று" என்பேன். கோடீன் கலந்த மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தால் வரும் தலைவலி தொடங்கிவிடும். வெறும் பாராசிட்டமால் என்றால் அந்தக் கணக்கு பதினைந்து நாள். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் இங்கே முக்கியம். தினசரிக் காலண்டரில் மாத்திரை போட்ட நாளுக்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தால், ஸ்கேன் காசு மிச்சமாகியிருக்கும்.

வயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், கூச்சப்பட்டுப் பயனில்லை. மார்ஃபின் மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை, குடலையும் தூங்க வைத்துவிடும். ஐந்து நாள், ஆறு நாள் போகாது. ஊரிலிருந்து திரிபலா வரவழைத்தேன், தினமும் பப்பாளி சாப்பிட்டேன், மூலம் வந்தது. அதற்கென்று ஒரு களிம்பு, அதுவும் பூசணிக்காய்க் கணக்கில். தென்னாப்பிரிக்காவில் நான் வாங்கியது போலக் கோடீன் குறைவாகக் கலந்த மாத்திரைக்கு அப்போது மருத்துவர் சீட்டு தேவையில்லாவிட்டாலும், கெமிஸ்ட் பெயரையும் முகவரியையும் கேட்டுப் பதிவு செய்துகொள்வார். நான் போன கடைகளில் ஒன்றின் பதிவு இன்னொன்றுக்குத் தெரியவில்லை. எனவே திங்கட்கிழமை ஒரு கடை, புதன்கிழமை அடுத்த கடை, வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஓவர்போர்ட்டில் ஒரு கடை. எந்தக் கடையில் எந்த நேரத்தில் எந்தப் பெண் நிற்பாள் என்று மனப்பாடம். "கணவருக்கு முதுகுவலி" என்பதற்கு ஒரு முகபாவம்கூட வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எங்கள் தெருவில் 'சுகர்ஸ்' பையன்கள் உண்டு. சாட்ஸ்வர்த்தில் இந்தச் சொல் தெரியாதவர் இல்லை. ஹெராயினோடு கண்டதையும் கலந்து விற்கும் தூள், அதை அலுமினியத் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுப்பார்கள். தண்ணீர்க் குழாயின் பித்தளைத் திருகைத் திருடிப் பழைய இரும்புக் கடையில் போடுவார்கள். பக்கத்து வீட்டு ஆயாவின் பேரனும் அதில்தான் இருந்தான். ஆயாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஆயாவுக்குத் தமிழ் என்றால் சாமி பாட்டும் சாப்பாட்டுப் பெயர்களும், மீதியெல்லாம் ஆங்கிலம். ஆனாலும் என்னை "மகளே" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கேட்டருகே வந்து ஐந்து ராண்ட் கேட்கும்போதெல்லாம் நான் ஜன்னல் திரையை இழுத்து மூடுவேன்.

2021 ஜூலையில் டர்பனில் கலவரம். ஞாயிறு இரவிலிருந்து கடைகள் சூறையாடப்பட்டன, மருந்துக்கடைகளும் தப்பவில்லை. தெரு முனைகளில் டயர்களையும் பழைய கட்டில்களையும் அடுக்கித் தடுப்புப் போட்டு ஆண்கள் காவல் நின்றார்கள். என் கணவர் கையில் ஒரு கிரிக்கெட் மட்டையோடு போனார். எல்லோரும் ரொட்டிக்கும் பாலுக்கும் அலைந்துகொண்டிருக்க, நான் கைப்பையைக் கவிழ்த்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. திங்கட்கிழமை மாலையோடு தீர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டாவி தொடங்கியது. தாடை கழன்றுவிடும் போலப் பத்து, பதினைந்து கொட்டாவிகள் வரிசையாக. கண்ணிலும் மூக்கிலும் நீர். கொரோனா என்று நினைத்தேன். மதியத்துக்குள் கையிலுள்ள மயிர் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது. போர்த்தினால் வியர்த்தது, எடுத்தால் நடுங்கியது. ஒரு வாரம் போகாத வயிறு ஒரே நாளில் எட்டு முறை போனது. இரவில் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எறும்புகள் ஓடுவது போல, உதைத்துக்கொண்டே இருந்தால்தான் சற்றுத் தணிந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து காலைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தேன். வெளியே தூரத்தில் வெடிச்சத்தம். கலவரத்துக்குப் பயந்து நடுங்குகிறேன் என்று கணவர் நினைத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

புதன்கிழமை ஆயா பருப்புக் குழம்பு கொண்டுவந்தார். என் கையைத் தொட்டுப் பார்த்தார், முழங்கை வரைக்கும் புல்லரித்திருந்ததைத் தடவினார். பிறகு என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். கருமணி பெரிதாக விரிந்திருந்தது. "என் பையனுக்கு அரோஸ்டா வரும்போது இப்படித்தான் இருக்கும்" என்றார். போதை கிடைக்காமல் உடம்பு படும் பாட்டுக்கு டர்பன் தெருக்களில் பெயர் அரோஸ்டா. "என்ன போடுகிறாய் மகளே?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கையில் கொடுத்து, கதவைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு கெமிஸ்ட் திறந்தது. மூன்று மணி நேர வரிசை. வாசலிலேயே நான்கு மாத்திரைகளைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் கொட்டாவி நின்றது, கால்கள் அடங்கின. அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தலைவலி மாத்திரை தலைவலியைத்தான் நிறுத்தும், கொட்டாவியை நிறுத்தாது. அந்தப் பையன் இழுக்கும் ஹெராயினும் உடம்புக்குள் போய் மார்ஃபினாகத்தான் மாறுகிறது. அவனுக்குத் தெருமுனை, எனக்குக் குளிர்சாதனமும் ரசீதும் உள்ள கடை. உடம்புக்கு ரசீது தெரியாது. 1898இல் ஹெராயினையே பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகத்தான் விற்றது என்று பிறகு படித்தேன்.

புரிந்ததால் விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். மேலும் ஏழு மாதம் போட்டேன். தெரிந்தே போட்ட அந்த மாதங்கள்தான் எல்லாவற்றிலும் மோசம்.

நவம்பரில் ஆயாவின் பேரன் மறுவாழ்வு இல்லத்திலிருந்து ஆறு வாரம் கழித்துத் திரும்பினான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது, என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான். இரண்டாவது வாரம் பழைய அளவையே போட்டிருக்கிறான். காலையில் எழவில்லை. விட்ட உடம்புக்குப் பழைய அளவு விஷம். ஆறு வாரத்தில் உடம்பு தன் தாங்கும் சக்தியை இழந்துவிடும், ஆசை மட்டும் பழைய கணக்கையே வைத்திருக்கும். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். கோடீனுக்கும் இது பொருந்தும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். உங்களுக்கு வேண்டியவர் யாராவது விட்டுத் திரும்பினால், புத்திமதி சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்று ஆயா சொன்னார்.

2022 பிப்ரவரியில் ஒரு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். "படித்த பெண், வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார். கட்டணம் 450 ராண்ட், அறிவுரை மட்டும். வெளியே வந்து காரில் உட்கார்ந்து இரண்டு மாத்திரைகள் போட்டேன். அதோடு மருத்துவரைத் தேடுவதையே விட்டிருப்பேன். ஆயாதான் வேறொரு மருத்துவரிடம் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அந்த இளம் பெண் முதலில் கேட்டது, "ஒரு நாளில் எத்தனை? மிக மோசமான நாளில் எத்தனை?" பதினான்கு, பதினெட்டு என்றேன். அவர் முகம் மாறவில்லை, தாளில் பெருக்கினார். பதினான்கு மாத்திரையில் பாராசிட்டமால் மட்டும் 6,300 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4,000. கோடீனுக்காக விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் ஈரலுக்குப் பாராசிட்டமாலைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. வரம்பைத் தாண்டினால் அது ஈரல் செல்களையே கொல்லும். முதல் ஓரிரு நாள் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. சளிக்குக் குடிக்கும் பொடிகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்.

அன்றே எட்டுக்கு இறங்கச் சொன்னார், ஈரலுக்காக. அதுதான் கடினமான வாரம், கால் உதைப்பும் கொட்டாவியும் திரும்பி வந்தன. பிறகு ஐந்து நாளுக்கு ஒன்று குறைத்தோம். ஏழு வாரம் ஆனது. மாத்திரைகள் என்னிடம் இல்லை. ஆயா தன் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால் பூட்டி வைத்துக் காலையும் மாலையும் எண்ணிக் கொடுத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், இரவில் காலுக்கு வெந்நீர். தலைவலி முதல் இரண்டு வாரம் மண்டையைப் பிளந்தது, மூன்றாம் மாதம் மாதத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. இது எனக்குச் சொன்ன கணக்கு, உங்களுக்கு உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும். குறிப்பாக மதுவையோ தூக்க மாத்திரையையோ நெடுநாள் எடுத்தவர்கள் வீம்புக்குத் திடீரென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு வந்து உயிரே போகலாம். மருத்துவரிடம் போகத் தயக்கம் என்றால், போதைச் சார்புக்கென்றே 'சான்கா' என்ற அமைப்பு இந்த நாட்டில் இருக்கிறது, டர்பனிலும் உண்டு. எனக்கு அது தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒன்று. இருமல் மருந்திலும் கோடீன் வருவதுண்டு, அதை குளிர்பானத்தில் கலந்து குடிக்கும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளிடையே இருக்கிறது. காலி பாட்டில்களைக் கண்டால் குப்பையில் போடுமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

கடைசிப் பெட்டி தீர்ந்த வாரம் நோட்டைக் கணவர் முன்னால் வைத்தேன். கணக்கில் தவறை அழிக்கக்கூடாது, திருத்தப் பதிவுதான் போட வேண்டும். சிவப்பு மையில் ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் பக்கத்தில் 'மாத்திரை' என்று எழுதியிருந்தேன். மொத்தம் 26,715 ராண்ட். ஸ்கேன், கண்ணாடி தனி. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"நானும் இந்த நோட்டைப் பார்ப்பேன்" என்றார். "இவ்வளவு கத்தரிக்காய் வாங்குகிறாளே, ஒரு நாளும் கண்ணில் காட்டவில்லையே என்று நினைப்பேன்."

"அப்போதே கேட்டிருக்கலாமே?"

"எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. கேட்டால் வைத்துவிடுவாயே என்று விட்டுவிட்டேன்."